சிங்கிள் ரோட்டில் எதிரே பஸ் வந்தால்? கொல்லிமலை போகும் வாசகருக்கு

கேள்வி: திருவாரூரில் இருந்து எழுதுகிறேன். ஆறு வருடமாக கார் ஓட்டுகிறேன். தஞ்சாவூர், திருச்சி, சென்னை என்று ஓட்டியதெல்லாம் சமதரைதான். வரும் ஆடிப்பெருக்குக்கு அப்பா, அம்மா, மனைவி, தங்கை, இரண்டு பிள்ளைகளோடு கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போக ஆசை. எங்களுடையது மேனுவல் கியர் எர்டிகா. மச்சான் பின்னால் ஏஎம்டி (தானாகக் கியர் மாறும்) காரில் வருகிறார். 70 கொண்டை ஊசி வளைவு என்கிறார்கள். அதைவிட, மேலே போனபின் ஊர்களுக்கு நடுவே சிங்கிள் ரோடு என்பதுதான் பயமாக இருக்கிறது. எதிரே பஸ் வந்தால் யார் பின்னால் போக வேண்டும்? இறங்கும்போது பிரேக் கருகிவிடும் என்கிறார்களே, உண்மையா? நானே ஓட்டலாமா, டிரைவர் வைக்க வேண்டுமா?

பதில்: நீங்களே ஓட்டலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, ஆடி 18 அன்று வேண்டாம். அந்த நாட்களில்தான் மலையில் வல்வில் ஓரி விழாவும் நடக்கும். பஸ், வேன், பைக் என்று அடிவாரம் காரவள்ளியிலிருந்தே வரிசை கட்டி நிற்கும். முதல்முறை மலை ஏறுபவர் கற்றுக்கொள்ள அது ஏற்ற நாள் அல்ல. ஒரு வாரம் முன்போ பின்போ, சாதாரண வார நாளாகப் பார்த்து, காலை ஏழு மணிக்குள் அடிவாரத்தில் இருக்கும்படி கிளம்புங்கள். கோயிலில் நிம்மதியாக நிற்கவும் முடியும்.

இரண்டாவது, கிளம்பும் முன் ஊரிலேயே மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில், கூட்டமில்லாத அதிகாலையில், வண்டியை நிறுத்தி ஒரு சாண்கூடப் பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். ஒரு குறுகலான தெருவில் கண்ணாடிகளை மட்டும் பார்த்து 50 மீட்டர் நேராக ரிவர்ஸ் எடுக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு மதில் சுவரை ஒட்டி, ஒரு அடிக்கு மேல் இடைவெளி விடாமல், உரசாமல் நிறுத்த வேண்டும். பத்துக்கு எட்டு தடவை மூன்றும் சரியாக வந்தால் தைரியமாகப் போங்கள். ரிவர்ஸ் மட்டும் கைக்கு வரவில்லை என்றால், நாமக்கல்லிலோ சேந்தமங்கலத்திலோ மலைக்குத் தினமும் போய்வரும் டிரைவர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். சிங்கிள் ரோட்டில் முன்னால் போக எல்லோருக்கும் தெரியும். பின்னால் வரத் தெரியாதவர்தான் மாட்டிக்கொள்கிறார், கூடவே பின்னால் நிற்கும் இருபது வண்டியையும் மாட்டவைக்கிறார்.

இப்போது உங்கள் பயத்தின் மையத்துக்கு வருவோம். ஒற்றைத் தடச் சாலையில் தார் போட்ட அகலம் பொதுவாக 3.75 மீட்டர். சில கிராமச் சாலைகளில் மூன்றே மீட்டர். உங்கள் எர்டிகாவின் அகலம் 1.735 மீட்டர், இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர். பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர். இரண்டும் சேர்ந்து நாலரை. ஆகவே தார் மேலேயே இரண்டும் கடக்க வழியே இல்லை, யாராவது ஒருவர் சாலை அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றாக வேண்டும். எதிரே வருவது இன்னொரு கார் என்றாலும் கண்ணாடிகளை மடக்கி, ஒரு பக்கச் சக்கரங்களைத் தாரைவிட்டு இறக்கினால்தான் இடம் கிடைக்கும். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால், 'நுழைந்து பார்ப்போம்' என்ற எண்ணமே வராது.

அதனால் சிங்கிள் ரோட்டில் நுழைந்த நொடியிலிருந்து நீங்கள் தேட வேண்டியது ஒதுங்கும் இடங்களை. ஒரு வீட்டு வாசல், காபித் தோட்டத்துக்குள் பிரியும் மண்பாதை, பாலத்துக்கு முன்னால் உள்ள அகலம், பஸ் நிறுத்தம், வளைவின் வெளிப்புறத்தில் விரிந்த தரை. ஒவ்வொன்றையும் கடக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், அல்லது முன் சீட்டில் இருப்பவரைச் சொல்லச் சொல்லுங்கள்: "இடப்பக்கம் ஒரு வாசல், போயாச்சு." எதிரே வண்டி வந்ததும் யோசிக்கத் தேவையிருக்காது. எனக்குப் பின்னால் 40 மீட்டரில் ஒரு வாசல் இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். எதிரே வருவது கண்ணில் பட்டதுமே அருகில் உள்ள அகலத்தில் நின்று, விளக்கை ஒருமுறை மினுக்கி, காத்திருங்கள். இருவரும் நடுவில் போய் மூக்கோடு மூக்கு நின்ற பிறகு பேசித் தீர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒதுங்கும் இடம் வலப்பக்கம் இருந்தால், நீங்கள் குறுக்கே போய் அதில் நிற்க வேண்டாம். அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிரே வருபவர் அதற்குள் இறங்கி உங்களைச் சுற்றிப் போவார்.

சட்டம் என்ன சொல்கிறது? அகலம் போதாத மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்கும் வண்டி ஓரமாக நின்று வழிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் இது உண்டு, அதற்கு முன்பிருந்த விதிகளிலும் உண்டு. காரணம் எளியது. ஏறும் வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது கடினம், பின்னால் உருளும் ஆபத்தும் அதற்குத்தான். ரிவர்ஸிலும் அதே கதை. இறங்கி வந்த வண்டி பின்னால் போனால் அது மேட்டில் ஏறும், ஆக்சிலரேட்டரை விட்டதும் வேகம் தானாகவே குறையும். ஏறி வந்த வண்டி பின்னால் போனால் பள்ளத்தை நோக்கி இறங்கும், பாரமே அதை இழுக்கும்.

ஆனால் சட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பஸ்ஸோ, பாக்கு மூட்டையோ பலாப்பழமோ ஏற்றிய லாரியோ வந்தால், ஏற்றமோ இறக்கமோ, கார்தான் பின்னால் போவது முறை. எதிரே மூன்று வண்டி, நீங்கள் ஒருவர் என்றால் நீங்கள்தான் போக வேண்டும். உங்களுக்குப் பின்னால் பத்து மீட்டரில் இடம் இருக்கிறது, அவருக்கு நூறு மீட்டர் போக வேண்டும் என்றால் சட்டப்படி முன்னுரிமை உங்களுடையதாக இருந்தாலும் நீங்களே போய்விடுங்கள். உங்களுக்குப் பின்னால் மச்சானும் வருகிறார் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு கார் ஒட்டிக்கொண்டே போனால் இரண்டும் சேர்ந்து ரிவர்ஸ் எடுக்க நேரும். இடையில் ஒரு ஒதுங்கும் இடம் காலியாக இருக்குமளவுக்கு இடைவெளிவிட்டு வரச் சொல்லுங்கள்.

ரிவர்ஸ் எடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இங்கேதான் அவசரம் உயிரை வாங்கும். முதலில் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். பாட்டை நிறுத்துங்கள், நான்கு ஜன்னல்களையும் இறக்குங்கள். பக்கக் கண்ணாடியைக் கீழே சாய்த்து, பின் சக்கரம் தரையைத் தொடும் இடம் தெரியும்படி வையுங்கள். வழக்கமான நிலையில் கண்ணாடியில் தெரிவது தூரத்துச் சாலை, உங்களுக்குத் தேவை சக்கரத்துக்கும் தார் விளிம்புக்கும் இடையிலான அந்த ஒரு முழம். பிறகு ஒருவரை இறக்கி வழி சொல்லச் சொல்லுங்கள். அவர் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கவே கூடாது, பள்ளப்பக்க விளிம்பிலும் நிற்கக் கூடாது. மலைப்பக்கமாக, உங்கள் கண்ணாடியில் முகம் தெரியும்படி நிற்க வேண்டும். உள்ளங்கையைக் காட்டினால் உடனே நிறுத்தம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். "வா வா வா" என்ற கத்தல் காற்றில் "நில்லு" போலவும் கேட்கும். அவர் முகம் கண்ணாடியிலிருந்து மறைந்தால் நீங்களும் நின்றுவிட வேண்டும்.

ஸ்டியரிங்கைச் சிறிதாகத்தான் திருப்ப வேண்டும். பின்னால் போகும்போது முன்பக்கம்தான் அகலமாக வீசும். பின்னால் மட்டும் பார்த்துக்கொண்டு ஒடித்தால், முன் சக்கரம் மறுபக்க விளிம்பைவிட்டு இறங்கியிருக்கும். எந்தப் பக்கம் சாய்வது என்று சந்தேகம் வந்தால் மலைப்பக்கம் சாயுங்கள். அங்கே புல் மூடிய வாய்க்கால் இருக்கலாம். ஒரு சக்கரம் அதில் இறங்கினால் பம்பர் போகும், நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பள்ளப்பக்கத்தில் தாருக்கு வெளியே உள்ள மண்ணை நம்பவே வேண்டாம். மழையில் அடிமண் அரித்துப்போய், மேலே புல் மட்டும் பச்சையாக நிற்கும். நாலு பேர் நடந்து போகும் மண், முக்கால் டன் ஏறும் ஒரு பக்கச் சக்கரங்களைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஓரத்துக் கற்களையும் குட்டைச் சுவரையும் எல்லை காட்டும் அடையாளமாக மட்டும் பாருங்கள், அவை காரை நிறுத்தும் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் டிரைவர் அமர்வது வலப்பக்கம். பள்ளம் வலப்பக்கம் இருந்தால் தலையை நீட்டி விளிம்பை நீங்களே பார்க்கலாம். இடப்பக்கம் பள்ளம் என்றால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அங்கே ஆள் இறங்கிச் சொல்லாமல் ஒரு அடியும் நகர்த்தாதீர்கள்.

இதனால்தான் முன் சீட்டில் யார் என்பதும் முக்கியம். மரியாதைக்காக அப்பாவை முன்னால் உட்கார வைப்போம். மலையில் அந்த இடம், சட்டென்று இறங்கி வழி சொல்லக்கூடியவருக்கு. உங்கள் மனைவியோ தங்கையோ முன்னால் வரட்டும், பெரியவர்கள் நடு சீட்டில் ஜன்னலோரம் அமரட்டும். வளைவுகளில் வாந்தி வருவதும் கடைசி சீட்டில்தான் அதிகம்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல். சமதரையில், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிந்தால் போதும். சிங்கிள் ரோட்டில் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்க முடிய வேண்டும், மீதிப் பாதியை எதிரே வருபவர் நிற்க எடுத்துக்கொள்வார். 30 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த சாலையில், கண் பார்த்து கால் அழுத்தி வண்டி நிற்க ஏறத்தாழ 15 மீட்டர் ஆகும். வளைவில் 30 மீட்டர்தான் தெரிகிறது என்றால், இருவரும் முப்பதில் வந்தால் பம்பரும் பம்பரும் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். 20 கிலோமீட்டர் என்றால் எட்டு மீட்டரில் நின்றுவிடலாம். ஈரத்திலும் இறக்கத்திலும் இந்தத் தூரம் இன்னும் நீளும். ஆகவே குருட்டு வளைவில் இருபதுக்கு மேல் வேண்டாம். வளைவுக்கு முன் ஒரு நீண்ட ஹாரன், பிறகு ஒரு நொடி காது கொடுங்கள். ஏசியைப் போட்டு ஜன்னலை மூடிக்கொண்டால் எதிர் ஹாரன் கேட்காது.

கொண்டை ஊசி வளைவுகள் நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை, காரவள்ளிச் சாலையில் ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை இருக்கிறது. அந்த எண் வேறொரு வகையிலும் பயன்படும். வண்டி நின்றுபோய் உதவி கேட்க வேண்டியிருந்தால், 112க்கோ 108க்கோ பேசும்போது எத்தனையாவது வளைவு என்று சொன்னால் போதும். கண்டுபிடித்து வந்துவிடுவார்கள்.

வளைவை நெருங்கும் முன் அதற்கு மேலே உள்ள சாலை பக்கத்து ஜன்னல் வழியே தெரியும். அங்கே பஸ் இறங்கி வருகிறதா என்று முன் சீட்டுக்காரர் பார்த்துச் சொல்ல வேண்டும். வருகிறது என்றால் வளைவுக்கு 15 மீட்டர் முன்பே இடப்பக்கமாக நின்றுவிடுங்கள். பஸ் திரும்புவதற்கு முழு வளைவும் வேண்டும், சில இடங்களில் ஒருமுறை பின்னால் எடுத்து ஒடித்துத்தான் திரும்பும். முன்னால் ஏறிக்கொண்டிருக்கும் பஸ்ஸையும் ஒட்டிப் போகாதீர்கள். நின்று கிளம்பும்போது அது இரண்டடி பின்னால் உருளலாம். இரண்டு கார் நீளம் விட்டு நில்லுங்கள்.

ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவில் நீங்கள் வெளிவட்டத்தில் இருப்பீர்கள், இரண்டாம் கியரே போதும். இடப்பக்கம் திரும்பும் வளைவில்தான் வண்டி திணறும். உள்வட்டத்தில் ஏற்றம் திடீரென்று செங்குத்தாகிவிடும், பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்ளே வெட்டும். வளைவுக்கு முன்பே, சாலை நேராக இருக்கும்போதே, முதல் கியருக்கு வந்துவிடுங்கள். உங்கள் பாதிக்குள்ளேயே கொஞ்சம் வெளியே தள்ளிப்போய், தாமதமாகத் திருப்புங்கள். வளைவின் நடுவில் கிளட்ச்சை மிதித்துக் கியர் தேடினால் வண்டி பின்னால் வரும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உங்களுடையது முன் சக்கரம் இழுக்கும் வண்டி. ஏழு பேர் ஏறினால் செங்குத்தில் பாரமெல்லாம் பின்னால் சாய்ந்து, முன் சக்கரம் ஈரத்தில் சுழலும். அப்போது ஆக்சிலரேட்டரை மேலும் மிதிப்பது தவறு, கொஞ்சம் விட்டால்தான் டயர் மறுபடி தரையைப் பிடிக்கும். பெட்டிகளை நாமக்கல்லில் தங்கும் அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. கூரை மேல் கட்டவே வேண்டாம், வளைவில் சாய்க்கும்.

ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக்கில் நில்லுங்கள். ஹாஃப் கிளட்ச்சில் ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கொண்டு வண்டியை அந்தரத்தில் பிடித்து வைப்பதுதான் கிளட்ச் கருக முதல் காரணம். கிளம்பும்போது முதல் கியர், கிளட்ச்சை மெல்ல விடுங்கள். முன்பக்கம் லேசாகத் தூக்கி, இன்ஜின் சத்தம் இறங்கும் இடம் வரும். அங்கே கால் நிற்கட்டும், சிறிது ஆக்சிலரேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். கருகல் வாடை வந்தால் எது கருகுகிறது என்று கண்டுபிடிப்பது எளிது: ஏறும்போது பானெட் பக்கமிருந்து வந்தால் கிளட்ச், இறங்கும்போது சக்கரப் பக்கமிருந்து வந்தால் பிரேக். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். அகலமான இடத்தில் நிறுத்தி அரைமணி ஆறவிட வேண்டும்.

மச்சானின் ஏஎம்டிக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் கிளட்ச் மிதி இல்லையே தவிர, உள்ளே இருப்பது அதே கிளட்ச்தான். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து வைத்தால் அது சூடாகி எச்சரிக்கை விளக்கு எரியும். நின்றால் பிரேக், கிளம்ப ஹேண்ட் பிரேக். தானியங்கி நிலையில் விட்டால் வளைவின் நடுவிலேயே கியர் மாற்றி இழுவையை இழக்கும், இறக்கத்தில் மேல் கியருக்குத் தாவும். ஏற்றம் இறக்கம் இரண்டிலும் கியர் தண்டை மேனுவல் நிலையில் வைத்து, தானே கியரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இனி இறக்கம். பிரேக் கருகுவது உண்மையா என்று கேட்டீர்கள். உண்மைதான், ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஏழு பேரோடு உங்கள் வண்டி சுமார் 1,650 கிலோ இருக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து அதை இறக்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் சேர்ந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறினால், அறை வெப்பத்தில் உள்ள 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் இரண்டரை. அத்தனை வெப்பத்தையும் உள்ளங்கை அளவுள்ள நான்கு பிரேக் பேடும் பின்னால் இரண்டு டிரம்மும் தாங்க வேண்டும். எல்லா சூட்டையும் பிரேக்கே சுமக்கக் கூடாது, பெரும் பங்கை இன்ஜின் ஏற்க வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் வெளியூர் வண்டிகளை ஏற விடுவார்கள், இறங்க விடுவதில்லை. 36 வளைவுள்ள அந்தச் சாலையில் நடந்த விபத்துகளே அந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம்.

மலை டிரைவர்கள் சொல்லும் பழைய வழி, ஏறின கியரிலேயே இறங்குவது. எந்த இடத்தை இரண்டாம் கியரில் ஏறினீர்களோ அங்கே இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள், முதல் கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட வேண்டும். இன்ஜின் கொஞ்சம் சத்தம் போடும், நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று காட்டினாலும் பயப்பட வேண்டாம், அது தாங்கும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே தேய்த்து வராதீர்கள். வேகம் ஏறும்போது இரண்டு மூன்று நொடி நன்றாக அழுத்தி வேகத்தை இறக்கி, முழுவதும் விட்டுவிடுங்கள். விடும் இடைவெளியில்தான் காற்றுப் பட்டு அது ஆறும்.

நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இன்றைய வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்குப் போகும் எரிபொருளே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். மிச்சமும் இல்லை, வண்டியைப் பிடிக்கும் கையும் போய்விடுகிறது. கிளட்ச்சை மிதித்தபடி வளைவில் உருட்டுவதும் நியூட்ரல்தான்.

பிரேக் எப்படிக் கைவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒன்று, பேட் அளவுக்கு மீறிச் சூடாகி, மிதி கல் போல் கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. மற்றொன்று, பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும், மிதி பஞ்சு போல் உள்ளே போகும். புது டாட் 3 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4க்கு 230. இந்த ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிய ஆயில் 140, 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். இரண்டு வருடமாக மாற்றவில்லை என்றால் இந்தப் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலைதான்.

மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது என்று உணர்ந்ததுமே அடுத்த அகலத்தில் நிறுத்துங்கள், ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முற்றிலும் பிடிக்காமல் போனால், இன்ஜினை அணைக்க வேண்டாம். அணைத்தால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போய்விடும். மிதியை மூன்று நான்கு முறை வேகமாக அடியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஹேண்ட் பிரேக்கை, நுனியில் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழலும். அதுவும் போதவில்லை என்றால் மலைப்பக்க வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி, மண் சுவரில் பக்கவாட்டில் உரசி நிறுத்துங்கள். கதவு போனால் போகட்டும்.

வண்டியில் பார்க்க வேண்டியவை சில. டயரில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும், மழை மலைக்கு மூன்று மில்லிமீட்டராவது வேண்டும். காற்றழுத்தம் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டிய அட்டையில் இருக்கும், அதில் முழுப் பாரத்துக்குச் சொன்ன அளவை, டயர் குளிர்ந்திருக்கும் காலையில் பிடியுங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். பிரேக் பேடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழ் என்றால் மாற்றிவிடலாம். ஏழு பேரோடு ஹேண்ட் பிரேக் ஏற்றத்தில் பிடிக்கிறதா என்று மேம்பாலத்திலேயே பார்த்துவிடுங்கள், காலி வண்டியில் பிடிப்பது பாரத்தில் நழுவும். டிரைவர் காலடியில் தண்ணீர் பாட்டில், விளையாட்டுச் சாமான் எதுவும் உருளக் கூடாது. பிரேக் மிதிக்கு அடியில் ஒரு பாட்டில் சிக்கினால் மிதி இறங்காது. ரப்பர் செருப்பும் அப்படித்தான், கழற்றிவிட்டு ஓட்டலாம். பெட்ரோலை அடிவாரத்துக்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வழிக்கு கூகுள் மேப்பை மட்டும் நம்ப வேண்டாம். குறுக்குவழி என்று தோட்டப் பாதைக்குள் கொண்டுபோய்விடும், சிக்னலும் எல்லா இடத்திலும் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, மலைமேல் உள்ள சோளக்காடு, செம்மேடு ஊர்களில் ஒரு டீக்கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த வழியில பஸ் போகுமா?" பஸ் போகும் என்றால் உங்கள் கார் தாராளமாகப் போகும். "ஜீப் போகும்" என்ற பதில் வந்தால் திரும்பிவிடுங்கள். மழை பெய்திருந்தால், மண் சரிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சிரமப்பட்டாவது சரியாகச் சொல்வார்கள்.

வழியில் பைக்குகள் வளைவை வெட்டிக்கொண்டு உங்கள் பாதியில் வரும். ஹாரனும் வேகக் குறைப்பும் தவிர வேறு வழியில்லை. குரங்குக்குத் தின்பண்டம் போட வளைவில் நிற்காதீர்கள். பின்னால் உள்ளூர் வண்டி அவசரப்பட்டால் முதல் அகலத்திலேயே சைடு கொடுத்துவிடுங்கள், முதுகில் ஒருவர் ஒட்டியிருக்கும்வரை நிதானம் வராது. பனி இறங்கினால் டிம் விளக்கு போடுங்கள், பிரைட் போட்டால் வெண்திரைதான் தெரியும். நான்கு இண்டிகேட்டரையும் அடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள், நிற்கிறீர்களா திரும்புகிறீர்களா என்று எதிரே வருபவருக்குப் புரியாது. இருட்டும் முன் இறங்கிவிட வேண்டும். மாலை நான்கு மணிக்கும் இன்னும் மலைமேல் இருந்தால் அன்று அங்கேயே தங்கிவிடுங்கள்.

ஏற்றத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள். யாரோ விட்டுப்போன கல்லில் இரவில் பைக் ஏறி விழுகிறவர்கள் அந்த மலையில் பிழைப்பு நடத்தும் மக்கள்.

காரவள்ளிக்கு இறங்கியதும் கால்மணி நேரம் நில்லுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கும் டிஸ்க் கோணலாகும், விரிசல் விடவும் கூடும். நான்கு சக்கரங்களுக்கும் அருகே, தொடாமல், கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முன் இரண்டும் சமமான சூட்டில், பின் இரண்டும் அதைவிடக் குறைவாக இருந்தால் சரி. முன்னால் ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால், அங்கே பிரேக் பிடித்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. திருவாரூர்வரை அதோடு ஓட்டாமல், நாமக்கல்லிலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.